எழும்பாத பழைய கம்ப்யூட்டர்: எங்கே பார்ப்பது, எதைக் காப்பாற்றுவது



சபை அலுவலகத்திலோ பள்ளியிலோ பல ஆண்டுகள் உழைத்த கம்ப்யூட்டரை மாற்றும்போது, "இதை மருத்துவமனைக்குக் கொடுக்கலாமா, உபயோகப்படுமா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். சிலர் கேளாமலே அனுப்பியும் வைத்திருக்கிறீர்கள். இரு சாராருக்கும் எங்கள் நன்றி. இப்படி வரும் பெட்டிகளில் சில, சுவிட்சைப் போட்டதும் எழும்புவதில்லை. பிரயாணத்தில் கெட்டுப்போயிற்று என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். பெரும்பாலும் அப்படியல்ல. சின்னக் காரணத்தால் நின்றுபோன கம்ப்யூட்டரைச் செத்துப்போனதாக எண்ணி ஒதுக்கிவிடுவதுதான் அதிகம். அந்தக் காரணத்தை எப்படித் தேடுகிறோம் என்பதை இங்கே எழுதுகிறோம். உங்கள் சபை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கும் இது உதவும்.

புதியது மலிவாகக் கிடைக்கும்போது பழையதோடு ஏன் போராட வேண்டும் என்று கேட்பது நியாயமே. மருத்துவமனையில் ஆய்வுக்கூடக் கருவிகளும் செவித்திறன் பார்க்கும் கருவிகளும் 20 வருஷம்கூட உழைக்கும். அவற்றோடு வந்த மென்பொருள் சில வேளை விண்டோஸ் 98-இலோ எக்ஸ்பி-யிலோதான் ஓடும். கருவியின் கேபிளும் பழைய 9 பின் சீரியல் போர்ட்டில்தான் பொருந்தும். விண்டோஸ் 98-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையிலும், எக்ஸ்பி-க்கான ஆதரவை 2014 ஏப்ரலிலும் நிறுத்திவிட்டது. அதற்காகக் கருவியைத் தூக்கிப்போட முடியுமா? இன்டர்நெட்டோடு இணைக்காமல் தனியே வைத்தால் அது தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் பழைய பதிவேடுகள். வேலூர்ப் பகுதிக்கும் தொழுநோய் மருத்துவத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955-இல் தொடங்கியது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவத்தை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. அதன்பின் லட்சக்கணக்கானோர் கிருமி நீங்கிக் குணமானார்கள். ஆனால் நரம்பு செத்து மரத்துப்போன பாதத்துக்கு உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. 1990-களில் மருந்து முடித்துப்போன ஒருவர், இன்று 65 வயதில், உள்ளங்காலில் ஆறாத புண்ணோடு வருகிறார். அன்றைக்கு எந்த நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது, எத்தனை மாதம் மருந்து சாப்பிட்டார், எந்த அளவு மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு கொடுத்தார்கள் என்பதெல்லாம் பழைய அட்டையில் இருக்கும். அட்டை கரையான் அரித்துப்போயிருந்தால் பழைய ஹார்டு டிஸ்கில்தான் இருக்கும். ஆகவே எழும்பாத கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது எங்கள் முதல் கவலை அதன் உள்ளே இருக்கும் எழுத்தைப் பற்றியது. பெட்டியைப் பற்றிய கவலை அதற்கு அடுத்ததுதான்.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் பவர் சப்ளை பெட்டி எழும்பி, "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்று மதர்போர்டுக்குச் சொல்லும். அதன்பின் பிராசசர், மதர்போர்டிலேயே எழுதிவைத்திருக்கும் பயாஸ் என்னும் சிறு நிரலைப் படிக்கும். பயாஸ் நினைவகத்தையும் டிஸ்பிளே கார்டையும் கீபோர்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும். எல்லாம் சரியென்றால் ஹார்டு டிஸ்கின் முதல் பகுதியைப் படித்து விண்டோஸை அழைக்கும். எந்தப் படியில் நின்றது என்று கவனித்தால், அதற்கு மேலேயுள்ள படிகளை நோண்ட வேண்டியதில்லை. விசிறியே சுற்றாத பெட்டியில் விண்டோஸை மறுபடி போடச் சொல்லும் கடைக்காரரிடமிருந்து விலகியிருங்கள்.

முற்றிலும் அசைவில்லை என்றால் சுவரிலிருந்து தொடங்குங்கள். பிளக் பாயிண்டில் கரண்ட் இருக்கிறதா, வயர் நல்லதா என்று பாருங்கள். மானிட்டர் வயர் மட்டும் கழன்றிருந்த "செத்த" கம்ப்யூட்டர்கள் உண்டு. பிறகு பின்பக்கத்தில் பவர் சப்ளையின் சிறு சிவப்பு சுவிட்சைப் பாருங்கள். அதில் 115 அல்லது 230 என்று எழுதியிருக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வந்த பெட்டி 115-இல் இருக்கக்கூடும். நம் 230 வோல்ட்டை அதற்குக் கொடுத்தால் ஒரே வெடிச்சத்தம். பவர் சப்ளை முடிந்தது. சொருகுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. சுவிட்சே இல்லாத பெட்டி என்றால் லேபிளைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் அது தானே சரிசெய்துகொள்ளும்.

பவர் சப்ளை சரியா என்று பார்க்க, விவரம் தெரிந்தவர் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. மதர்போர்டிலிருந்து அதன் 20 பின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் துண்டுக் கம்பியால் இணைத்தால் விசிறி சுற்ற வேண்டும். அப்போது மல்டிமீட்டரில் சிவப்பு வயர் 5 வோல்ட், மஞ்சள் 12, ஆரஞ்சு 3.3 காட்ட வேண்டும். 100-க்கு 5 பங்கு கூடக்குறைய இருக்கலாம். 12 இருக்க வேண்டிய இடத்தில் 10.5 காட்டினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டர் எழும்பாது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

எர்த்திங் பற்றியும் ஒரு வார்த்தை. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்ததோடு பலர் மறந்துவிடுகிறார்கள். பாலாறு மணலாய்க் கிடக்கும் கோடையில் குழியும் காய்ந்துபோகும். எர்த் பெயரளவுக்குத்தான் இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சித்திரை, வைகாசியில் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பிளக்கின் மூன்றாவது காலை வெட்டிவிட்டு 2 பின்னாகச் சொருகும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால், காதைக் கொடுத்துக் கேளுங்கள். பயாஸ் தன் குறையை பீப் சத்தத்தால் சொல்லும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி பாஷை வேறு. அவார்டு பயாஸில் ஒரு சிறிய பீப் எல்லாம் சுகம் என்று அர்த்தம். அதே சத்தம் பழைய ஏ.எம்.ஐ. பயாஸில் நினைவகக் கோளாறு. அவார்டில் ஒரு நீளமும் 2 குட்டையும் கேட்டால் டிஸ்பிளே கார்டைப் பார்க்க வேண்டும். நீண்ட பீப் ஓயாமல் வந்தால் ராம் சரியாக உட்காரவில்லை.

எங்கள் அனுபவத்தில் அதிகம் பலன் தந்த வைத்தியம் இந்த ராமைக் கழற்றி மாட்டுவதுதான். செலவு ஒன்றுமில்லை. முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அணைத்த பிறகும் போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கி ராமை எடுங்கள். அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். மைப்பேனா எழுத்தை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம். தங்கப் பூச்சே போய்விடும். தூளைத் தட்டிவிட்டு, இரு கொக்கிகளும் "டக்" என்று விழும்வரை அழுத்துங்கள். 2 ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் எழும்பாவிட்டால் ஹார்டு டிஸ்க், சி.டி. டிரைவ், மோடம் கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போர்டு, பிராசசர், ஒரு ராம், டிஸ்பிளே மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது எழும்பினால் கழற்றியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பெட்டியின் பின்பக்கத்தில் கார்டு மூடி இல்லாத ஓட்டை இருந்தால் உள்ளே பல்லியோ எறும்புப் புற்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல.

எழும்பியதும் தேதி பல வருஷம் பின்னே போய், "சிமாஸ் செக்சம் எரர்" என்று திரையில் வந்து நின்றால், போர்டிலுள்ள 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. அது 3 வோல்ட் பேட்டரி. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இதனால் ஒரு கம்ப்யூட்டரையே ஒதுக்கியவர்கள் உண்டு. அதற்கும் முந்திய 386, 486 வகைகளில் பேட்டரி உருண்டையாக, போர்டோடு பற்றவைத்து இருக்கும். அது நிக்கல் காட்மியம். வயதானால் கசிந்து, பச்சை நிறப் பொருக்கு கட்டி, செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். வேலை செய்கிறதோ இல்லையோ, அதை உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும். கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலர்த்தலாம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பேட்டரி போனால் ஹார்டு டிஸ்கின் அளவுகளும் மறந்துபோகும். டிஸ்கின் மேலுள்ள லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று 3 எண்கள் இருக்கும். அவற்றைப் பயாஸில் மறுபடி எழுதினால் டிஸ்க் உயிர்பெறும். லேபிளைக் கிழித்துவிடாதீர்கள்.

2000-க்குப் பிறகு வந்த போர்டுகளில் இன்னொரு வியாதி. சுமார் 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட கெப்பாசிட்டர்களில் ஏராளமானவை, உள்ளே ஊற்றிய திரவம் தரமில்லாததால் உப்பி வெடித்தன. டெல் நிறுவனம் இதனால் ஏற்பட்ட பழுதுகளுக்காக 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு டப்பாக்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறமாகக் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். டி.வி. பழுதுபார்ப்பவர் மாற்றிவிடுவார், அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகை என்று கேளுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. வேலூரின் கத்திரி வெயிலில், தூசியடைத்த விசிறியோடு, இவை சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை.

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணத்துக்கு வருகிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அழுகிய முட்டை வாடை பழக்கம். தோலிலுள்ள முடியை நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு, அடுத்த கட்டத்தில் உபயோகிக்கும் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கழிவுத் தொட்டிக்குள் இறங்கும் மனிதரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சாய்க்கக்கூடிய வாயு அது. காற்றில் மூக்குக்கு எட்டும் சிறு அளவில் மனிதரைச் சாய்ப்பதில்லை. ஆனால் உலோகத்தை விடுவதில்லை. வெள்ளிக் கொலுசும் பித்தளைப் பாத்திரமும் இங்கே சீக்கிரம் கறுப்பது இதனால்தான். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, சுத்திகரிப்பு இல்லாமல் தோல் ஆலை நடத்தலாகாது என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனாலும் சில தெருக்களில் சில வேளைகளில் வாடை வரத்தான் செய்கிறது.

கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் செம்பும் வெள்ளியும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைத் தடை செய்தது. அதுவரை போர்டின் செம்புக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு கொடுத்துவந்தார்கள். தடைக்குப் பிறகு பல கம்பெனிகள் மெல்லிய வெள்ளிப் பூச்சுக்கு மாறின. கந்தகம் கலந்த காற்றில் அந்தப் பூச்சின் இடுக்குகளில் செம்பு சல்ஃபைடு உண்டாகி, விளக்குக் கரி போலப் போர்டின் மேல் ஊர்ந்து, பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை இணைத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் ஒரு நாள் எழும்பும், மழைக்கால ஈரத்தில் எழும்பாது, வெயிலில் மறுபடி எழும்பும். சிறிய ரெசிஸ்டர்களில் இதற்கு நேர்மாறாக உள்ளே இருக்கும் வெள்ளி அரிபட்டு இணைப்பே அறுந்துபோகும். ஆகவே ஒன்றைத் தைரியமாகச் சொல்லலாம்: தோல் ஆலைக்கு அருகே 2002-ஆம் வருஷத்துப் போர்டு, 2008-ஆம் வருஷத்து வெள்ளிப் பூச்சுப் போர்டைவிட நீடிக்கக்கூடும். கறுப்பு படர்ந்த போர்டை ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்தால் சில காலம் ஓடும்; அரிபட்ட செம்பு திரும்பாது. கம்ப்யூட்டரை சாக்கடைப் பக்க ஜன்னலருகே வைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் வெளிக்காற்றை ஈரத்தோடு இழுத்துப் போர்டின்மேல் ஊதும்; அந்த அறையில் அதுவும் வேண்டாம்.

இனி ஹார்டு டிஸ்க். பயாஸ் சோதனை முடிந்து "நான் சிஸ்டம் டிஸ்க்" என்று வந்தால், முதலில் ஃபிளாப்பி டிரைவில் யாராவது ஃபிளாப்பியை விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். அடுத்து அகன்ற ரிப்பன் கேபிள். அதன் சிவப்பு ஓரம் 1 என்ற பின் பக்கம் இருக்க வேண்டும். ஒரே கேபிளில் 2 டிரைவ் இருந்தால் ஒன்று மாஸ்டராகவும் மற்றது ஸ்லேவாகவும் சிறு ஜம்பர் வைக்கப்பட்டிருக்க வேண்டும். டிஸ்கிலிருந்து "டக், டக்" என்று ஒழுங்காகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது, உள்ளே மிச்சமிருப்பதையும் சுரண்டிவிடும்.

"ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் இசையாதீர்கள். கம்ப்யூட்டர் சரியாகும், பதிவேடு போய்விடும். டிஸ்கைக் கழற்றி, ஐ.டி.இ.-யிலிருந்து யு.எஸ்.பி.-க்கு மாற்றும் சிறு அடாப்டரில் மாட்டி, நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் முழுமையாகப் பிரதி எடுக்க வேண்டும். படிக்க மறுக்கும் இடங்களைத் தாண்டிச்சென்று, பிறகு திரும்பி வந்து முயலும் ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதற்கு நல்லது. எந்தச் சோதனையும் பிரதியில்தான். மூலத்தில் கை வைக்கக் கூடாது. நோயாளிகளின் பெயர் உள்ள டிஸ்கைக் கடையில் கொடுத்துவிட்டு வருவதும் கூடாது. தொழுநோய் இருந்தது என்று ஊரார் அறிந்தால் பேத்தியின் கல்யாணம் நின்றுபோகும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

பிரதி எடுக்கும்போது பலர் விட்டுவிடும் ஒன்று, தமிழ் எழுத்துரு. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியீடு வைத்திருந்தது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறியீடுகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. எனவே பழைய கோப்பை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் நோயாளியின் பெயருக்குப் பதிலாகப் புரியாத ஆங்கிலக் குறிகள் வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பழைய டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதையும் சேர்த்துப் பிரதி எடுத்தால் அதே எழுத்துருவைப் போட்டுப் படிக்கலாம். பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, அங்கத்தினர் பட்டியல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

உங்களிடம் 1999 முதல் எழும்பாமலேயே மூலையில் கிடக்கும் கம்ப்யூட்டர் இருந்தால், இதையும் நினைவில் வையுங்கள். அந்த வருஷம் ஏப்ரல் 26 அன்று, தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் பல நாடுகளில் விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. செர்னோபில் விபத்து நடந்த தேதியும் அதுவே. டிஸ்கின் ஆரம்பப் பகுதியை அழித்ததோடு, சில போர்டுகளில் பயாஸையும் அது அழித்துவிட்டது. பயாஸ் போனால் பீப்கூட வராது. ஆனால் டிஸ்கின் மற்றப் பகுதிகளில் இருப்பதை இன்றும் மீட்க வாய்ப்புண்டு.

கொடுக்க நினைக்கிறவர்களுக்கு: டிஸ்கில் உங்கள் சபையாரின் காணிக்கைக் கணக்கு, ஆலோசனைக்கு வந்தவர்களின் குறிப்பு இருந்தால் பிரதி எடுத்துக்கொண்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். டெலிட் செய்தது அழிந்ததாகாது. டிஸ்க் இல்லாமல் அனுப்பினாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். சீரியல் போர்ட் உள்ள பெட்டி, நல்ல ராம், 230 வோல்ட் பவர் சப்ளை ஆகியவை எங்களுக்கு மிகவும் உபயோகம். பெரிய கண்ணாடிக் குழாய் மானிட்டர் வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைந்தால் ஆபத்து. அதைக் காயலான் கடைக்கும் போடாதீர்கள். வயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகை தெருப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். மின்னணுக் கழிவுக்கென்று 2012 மே முதல் தனி விதிகள் உள்ளன. திருத்திய விதிகள் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுப்பதே முறை.

அனுப்பும்போது பவர் வயர், கம்ப்யூட்டரோடு வந்த சி.டி.-கள், பயாஸ் பாஸ்வேர்டு இருந்தால் அதை எழுதிய தாள் ஆகியவற்றைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மேலே ஒரு தாளை ஒட்டி, கடைசியாக எந்த வருஷம் ஓடியது, சுவிட்ச் போட்டால் விசிறி சுற்றுகிறதா, எத்தனை பீப் கேட்கிறது, திரையில் என்ன எழுத்து வந்து நிற்கிறது என்று நீங்கள் கண்டதைக் கண்டபடியே எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும்.